சாக்கெட்டுகளை எதில் அடுக்குவது? ரெயில் முதல் ஃபோம் வரை ஓர் ஒப்பீடு

சாக்கெட் (நட்டு, போல்ட் திருகக் கைப்பிடியில் மாட்டும் குழாய் போன்ற கருவி) வைக்கத் தட்டோ ரெயிலோ (சாக்கெட்டுகளை வரிசையாக மாட்டும் பட்டை) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "இதில் எத்தனை பிடிக்கும்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு. வேலை முடிந்த களைப்பில், கையெல்லாம் கிரீஸோடு, ஒரே அசைவில் சாக்கெட்டை அதன் இடத்தில் திரும்ப வைக்க முடியுமா? எடுக்கும்போது யாரும் சோம்பல்படுவதில்லை. திரும்ப வைக்கும்போதுதான் எந்த ஏற்பாடும் குலைகிறது. கிளிப்பில் அழுத்தி மாட்ட வேண்டும், பெட்டிக்குள் அதற்குரிய பள்ளத்தைத் தேட வேண்டும் என்றால் சாக்கெட் டிராயரின் மூலையில்தான் விழும். நாலைந்து வேலை கழிவதற்குள் ரெயில் காலி, மூலை நிறைவு.

அடுத்த தேவை, இல்லாதது உடனே கண்ணில் பட வேண்டும். பானெட்டை மூடுவதற்கு முன் டிராயரில் 10 மி.மீ. சாக்கெட்டின் இடம் காலியாக இருப்பது தெரிந்தால், இன்ஜின் மேல் மறந்து வைத்ததை அப்போதே எடுத்துவிடலாம். விமானப் பராமரிப்புக் கூடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் ஃபோமில் தனிக்குழி வெட்டி வைப்பது இதற்காகவே. உள்ளே தங்கிப்போன ஒரு சிறு கருவி அங்கே பெரிய ஆபத்து. வீட்டுப் பட்டறையில் அந்த அளவுக்குக் கெடுபிடி தேவையில்லை. ஆனால் காலியிடம் தெரியும் ஏற்பாடு எதுவோ அதற்கு முதல் மதிப்பெண் கொடுங்கள்.

மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்: அளவு படிக்க முடிகிறதா, டிராயர் மூடுகிறதா, தூக்கிக்கொண்டு போக முடிகிறதா, எவ்வளவு இடம் தின்கிறது.

முதலில் உயரத்தை அளந்துவிடுங்கள்

வாங்கிய தட்டு டிராயருக்குள் போகாமல் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் உயரம்தான். டிரைவ் என்பது கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு. சாதா சாக்கெட் கால் இஞ்ச் டிரைவில் சுமார் 25 மி.மீ. உயரம், 3/8 இஞ்சில் 28 முதல் 30, அரை இஞ்சில் 38 முதல் 40 வரை. நீளமான டீப் சாக்கெட் என்றால் முறையே சுமார் 50, 63, 78. கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரண்டு மி.மீ. மாறும், அரை இஞ்சில் பெரிய அளவுகள் இன்னும் கொஞ்சம் உயரமாக வரும். இதோடு தட்டின் அடித்தடிமன் 4, 5 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். உள் உயரம் 75 மி.மீ. உள்ள டிராயரில் அரை இஞ்ச் டீப் சாக்கெட் நிற்காது. படுக்கத்தான் வேண்டும்.

டிராயரின் பக்கச்சுவரை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். மேல் டிராயரின் அடிப்பாகமும் முன்சட்டத்தின் கீழ்விளிம்பும் கொஞ்சம் இறங்கி நிற்கும். ஒரு களிமண் உருண்டையை டிராயருக்குள் வைத்து மெல்ல மூடித் திறந்தால், அது எந்த உயரத்தில் நசுங்கியிருக்கிறதோ அதுவே உண்மையான இடம். அதில் 3 மி.மீ. குறைத்துக் கணக்கு வையுங்கள். உள்ளே நின்ற சாக்கெட் சட்டத்தில் மாட்டிக்கொண்டு டிராயர் திறக்காமல் போனால், இழுத்துப் பலம் காட்ட வேண்டாம். மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை மேல் இடுக்கில் விட்டுச் சாக்கெட்டைச் சாய்த்தால் வந்துவிடும்.

நீளக் கணக்குக்கு வெளிவிட்டம் வேண்டும். 3/8 இஞ்ச் டிரைவில் 8 முதல் 11 மி.மீ. வரையான சாக்கெட்டுகள் எல்லாமே ஏறத்தாழ 17 மி.மீ. விட்டம்தான், ஏனென்றால் பின்னால் இருக்கும் சதுரத் துளைக்கே அவ்வளவு உடம்பு வேண்டும். 14 மி.மீ. சாக்கெட் சுமார் 20, 17 மி.மீ. சுமார் 24, 19 மி.மீ. சுமார் 26. ஆக 8 முதல் 19 வரை 12 சாக்கெட்டுகளை ஒட்டி நிறுத்தினால் ஏறத்தாழ 240 மி.மீ., நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டால் 275. விரல் போக இடம் வேண்டுமே என்று இந்த வரிசை இடைவெளியை 10 மி.மீ. ஆக்குகிறவர்கள் உண்டு. வீண். சாக்கெட்டை யாரும் பக்கவாட்டில் பிடித்து எடுப்பதில்லை, முன்னும் பின்னும் பிடித்துத்தான் எடுக்கிறோம். ஆகவே வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 12 முதல் 15 மி.மீ. விடுங்கள், வரிசைக்குள்ளே 3 போதும்.

வந்த பெட்டியிலேயே விட்டுவிடுவது

செட்டோடு வரும் பிளாஸ்டிக் பெட்டியை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. காரின் டிக்கியில் கிடக்கப் போகும் செட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது: மூடியிருக்கும், தூசி போகாது, காலியிடமும் தெரியும். பட்டறை டிராயருக்கு அது பொருந்தாததற்குக் காரணம் இரண்டு. அகலமாக மூடி விரிய இடம் கேட்கும். தனியாக வாங்கிய ஒரு சாக்கெட்டுக்குக்கூட அதில் இடம் இருக்காது. பள்ளங்கள் தளர்ந்த பிறகு தலைகீழாகத் திறந்தால் எல்லாம் தரையில். கீலாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மடிப்பு முதலில் கிழியும்.

கிளிப் ரெயில்

உலோகப் பட்டையில் நகரும் கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்பும் சாக்கெட்டின் சதுரத் துளைக்குள் போய், சாக்கெட்டைத் திருகும் ராட்செட் கைப்பிடியில் இருப்பதுபோல ஒரு சிறு குண்டாலோ பிளாஸ்டிக் நாக்காலோ பிடித்துக்கொள்ளும். இதன் பெரிய பலம், முழு ரெயிலையும் அப்படியே தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போகலாம் என்பது. இடமும் குறைவாகத் தின்னும். டிராயரில் படுக்க வைத்தால் டீப் சாக்கெட்டுகள்கூட 50 மி.மீ. டிராயரில் அடங்கும்.

பலவீனம் கிளிப்பில் இருக்கிறது. புதிதில் இறுக்கம்: ஒரு கையால் ரெயிலைப் பிடித்து மறு கையால் இழுக்க வேண்டும். எண்ணெய்க் கையில் வழுக்கும். பழகப் பழகத் தளர்ந்து, ரெயிலைத் தூக்கும்போது ஒன்றிரண்டு உதிரும். இரண்டுக்கும் நடுவே நன்றாக இருக்கும் காலம் கிளிப்பின் தரத்தைப் பொறுத்தது. உள்ளே போட்டு 90 பாகை திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வகைக் கிளிப் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது: திருப்பாத வரை விழாது, திருப்பிவிட்டால் பலமே இல்லாமல் வரும். ஆனால் திரும்ப வைக்கும்போது சதுரத்தைச் சதுரத்தோடு பொருத்திப் பிறகு திருப்ப வேண்டும். அவசரத்தில் இந்த இரண்டாவது அசைவைத்தான் கை விட்டுவிடும்.

இன்னொரு குறை, ஒரு கிளிப் காலியாக இருந்தால் எது காணோம் என்று தெரியாது. கிளிப்புகள் நகரும் என்பதால் இடம் நிலையில்லை. அடுத்த சாக்கெட் அந்த இடத்துக்கு வந்துவிடும். ரெயிலிலேயே அளவு ஒட்டி, கிளிப்புகளை அந்தந்த இடத்தில் ஒரு சொட்டுப் பசையால் நிறுத்தினால் இது சரியாகும். அரை இஞ்சில் 24 மி.மீ.க்கு மேல் விட்டம் 32, 33 ஆகி 32 மி.மீ. சாக்கெட்டில் 42 வரை போகும். கிளிப்புகளை நெருக்கமாக விட்டால் இரண்டு சாக்கெட் மோதி எதுவும் முழுதாக உட்காராது. அதையும் பசை போடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரெயிலின் இரு முனையிலும் தடுப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். அது கழன்ற ரெயிலில் கிளிப்புகள் ஒவ்வொன்றாக நழுவிப்போகும்.

முளைத் தட்டு

தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வரிசையாக நிற்கும் முளைகள். சாக்கெட்டின் சதுரத் துளையை முளைமேல் இறக்கினால் போதும். பிடிப்பு எதுவும் இல்லை, புவியீர்ப்பு மட்டும். திரும்ப வைப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. போல்ட் பிடிக்கும் வாய் மேல்நோக்கி இருப்பதால், எழுத்தைப் படிக்காமலேயே வாயின் அளவைப் பார்த்துக் கை தானாகச் சரியானதை எடுக்கும். முளையின் அடியில் அளவு அச்சிட்ட தட்டுகளில் காலியிடம் தன் பெயரோடு தெரியும். டிராயரை விட்டு நகராத பட்டறைக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

ஆனால் இது நகரக்கூடாது. தட்டைத் தூக்கிச் சாய்த்தால் எல்லாம் கொட்டும். டிராயரை வேகமாக அடித்து மூடினால் டீப் சாக்கெட்டுகள் ஆடிச் சாயும். தட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு கட்டாயம். இடமும் அதிகம் தின்னும்: 40 சாக்கெட்டுக்கு மேல் இருந்தால் ஒரு டிராயரை முழுதாகவே ஒதுக்க வேண்டி வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, அச்சிட்ட அளவுகள் உங்கள் செட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பது. பல செட்டுகளில் சில அளவுகள் இருக்காது. உங்களிடம் இல்லாத அளவுக்கு முளை இருந்தால் அது எப்போதும் காலியாகவே நிற்கும். காலி முளையைப் பார்த்துப் பழகிவிட்ட கண் உண்மையாகவே ஒன்று தொலையும்போது கவனிக்காது. தேவையில்லாத முளையை வெட்டிவிடுங்கள், அல்லது அதன்மேல் சிவப்பு டேப் சுற்றுங்கள்.

காந்தத் தட்டும் காந்தப் பட்டையும்

டூல் பாக்ஸின் வெளிச்சுவரில், லிஃப்ட் தூணில், வண்டியின் சட்டத்தில் என்று எங்கேயும் ஒட்டலாம். இதுதான் காந்தத்தின் மதிப்பு. அன்றைய வேலைக்கு வேண்டிய ஐந்தாறு சாக்கெட்டை எடுத்துவைக்க ஒரு சின்னக் காந்தப் பட்டை இருப்பது நல்லது.

முழுச் செட்டுக்கும் இதையே நிரந்தர இடமாக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. சாக்கெட் இரும்பு, காந்தத்தின்மேல் நாள்பட இருந்தால் தானும் மெல்லக் காந்தமாகும். நட்டு விழாமல் பிடிக்கிறதே என்று முதலில் மகிழ்ச்சியாக இருக்கும். பிறகு அரம் ராவிய தூளும் டிரில் சீவலும் சாக்கெட்டின் உள்வாயில் மீசை வைத்தாற்போல ஒட்டும். அதோடு நட்டில் ஏற்றினால் சாக்கெட் முழுதாக உட்காராது, நட்டின் முனை தேயும். பேரிங், கியர் பாக்ஸ் திறந்து வேலை செய்கிறவர்கள் இந்தத் தூளை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கிரைண்டரும் சாக்கெட்டும் ஒரே மேசையில் இருக்கும் பட்டறையில் காந்தத் தட்டு வேண்டாம். ஏற்கெனவே காந்தமான சாக்கெட்டை டீமேக்னடைசரில் (காந்தத்தை நீக்கும் கருவி) விட்டு எடுத்தால் சரியாகும்.

ஃபோம்

அழகில் முதலிடம், காலியிடம் தெரிவதிலும் முதலிடம். கறுப்பு ஃபோமுக்கு அடியில் மஞ்சள் அல்லது சிவப்புத் தகடு ஒட்டிவிட்டால், ஒரு சாக்கெட் இல்லாத குழி அறையின் அடுத்த முனையிலிருந்தே தெரியும். உருளாது, உரசாது, டிராயரை அடித்து மூடினாலும் அசையாது.

இதில் பலர் சறுக்குவது பொருளில். பேக்கிங்கில் வரும் ஸ்பாஞ்ச் போன்ற ஃபோம் எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதில் உட்கார்ந்த சாக்கெட்டின் அடியில் வட்டமாகத் துரு ஏறும். உறிஞ்சாத வகை வேண்டும்: பாலிஎத்திலீன் அல்லது ஈவிஏ. பல அடுக்காக ஒட்டி வரும் பாலிஎத்திலீன் ஃபோமில் வேண்டிய ஆழத்துக்குக் கீறி, விரலால் அடுக்கடுக்காகப் பிய்த்தெடுக்கலாம். அடி கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பரவாயில்லை.

வட்டக்குழிக்குக் கத்தி வேண்டாம். சாக்கெட்டின் வெளிவிட்டத்தைவிட அரை முதல் 1 மி.மீ. குறைந்த உள்விட்டமுள்ள மெல்லிய இரும்புக் குழாயை எடுத்து, அதன் விளிம்பை வெளிப்பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டுங்கள். உள்பக்கம் தீட்டினால் குழி குழாயின் வெளிவிட்ட அளவுக்குப் பெரிதாகிவிடும். கையால் அழுத்தித் திருகினால் சுத்தமான வட்டம் கிடைக்கும். ஆழம் சாக்கெட்டின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு: 30 மி.மீ. சாக்கெட்டுக்கு 20 மி.மீ. குழி, 10 மி.மீ. வெளியே. அதைவிடப் புதைத்தால் எண்ணெய்க் கையால் இழுக்க முடியாது. அதைவிட வெளியே நின்றால் ஃபோம் பிடிக்காது. படுக்கவைக்கும் டீப் சாக்கெட்டுக்குக் குழியின் நடுவில் இரண்டு பக்கமும் விரல் நுழைய அரைவட்டம் வெட்டுங்கள்.

பெரிய குறை ஒன்றுதான்: வெட்டியதை மாற்ற முடியாது. புதிதாக ஒரு செட் வந்தால் முழுப் பலகையும் வீண். ஆகவே டிராயர் அளவுக்கு அட்டை வெட்டி, அதன்மேல் சாக்கெட்டுகளை அடுக்கி, பேனாவால் வட்டம் போட்டு, சில வாரம் அப்படியே புழங்குங்கள். எது முன்னால் வர வேண்டும், எதை எந்தக் கை எடுக்கிறது என்பது புழங்கும்போதுதான் தெரியும். அதன் பிறகு வெட்டினால் வருத்தம் இருக்காது. ஒரே பெரிய தாளாக வெட்டாமல் டிரைவுக்கு ஒரு துண்டாக வெட்டுவது இன்னும் நல்லது. ஒன்று மாறினால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

நீங்களே செய்யும் முளைப்பலகை

கடையில் கிடைக்கும் முளைத் தட்டு உங்கள் டிராயருக்கும் செட்டுக்கும் ஒத்துவராவிட்டால், 12 மி.மீ. பிளைவுட்டும் உருண்டை மரக்குச்சியும் போதும். சதுரத் துளைகளின் அளவு கால் இஞ்சுக்கு 6.35 மி.மீ., 3/8 இஞ்சுக்கு 9.5, அரை இஞ்சுக்கு 12.7. ஆக முறையே 6, 9, 12 மி.மீ. குச்சி அளவாக உட்காரும். 9 கிடைக்காவிட்டால் 8 போடலாம், கொஞ்சம் ஆடும், 10 நுழையாது.

குச்சி எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பதில்தான் தவறு நடக்கிறது. நீளமாக நின்றால் நல்லதுதானே என்று 25 மி.மீ. விடுகிறார்கள். சின்ன சாக்கெட்டுகளில் சதுரத்துக்கு அடுத்து வரும் ஆறுமுகத் துளை குச்சியைவிடக் குறுகலானது. 3/8 டிரைவில் 8 மி.மீ. சாக்கெட்டை எடுத்துக்கொண்டால், 9 மி.மீ. குச்சி சதுரத்தின் ஆழத்தோடு முட்டி நின்றுவிடும். சாக்கெட் பலகையில் உட்காராமல் அந்தரத்தில் ஆடும். கால் இஞ்சுக்கு 7, 3/8-க்கு 10, அரை இஞ்சுக்கு 14 மி.மீ. வெளியே நின்றால் எல்லா அளவும் அடிப்பலகையில் பதிந்து நிற்கும்.

சாக்கெட்டுகளைத் தாளில் நிறுத்திச் சுற்றிலும் வரைந்து, மையங்களைக் குறித்து, தாளைப் பலகையில் ஒட்டி ஊசியால் குத்துங்கள். டிரில் பிட்டில் 9 மி.மீ. ஆழத்தில் டேப் சுற்றிக்கொண்டால் பலகை துளைபட்டுப் போகாது. துளையிட்டு, தேய்த்து, வார்னிஷ் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு குச்சிகளைப் பசையோடு இறக்குங்கள். குச்சிகளைச் சற்று நீளமாக வைத்து, பசை காய்ந்தபின் ஒரே உயரத்துக்கு அறுத்து, மேல்முனையை உருட்டிவிட்டால் சாக்கெட் தடுக்காமல் இறங்கும். ஈரம் காயாத மரமும் வார்னிஷ் இல்லாத எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையும் வேண்டாம். முதலாவது துருவைக் கொண்டுவரும், இரண்டாவது ஈரத்தில் ஊதும்.

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு, 42 மி.மீ. சதுரக் கட்டங்களை அடிப்படையாகக் கொண்ட கிரிட்ஃபினிட்டி முறையில் சாக்கெட் தாங்கிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் தனித் துண்டு என்பதால் இடம் மாற்றுவது எளிது. அச்சிட அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகும்; வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதைவிட வெப்பம் தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள்.

எதில் வைத்தாலும் செய்ய வேண்டியவை

மி.மீ. சாக்கெட்டையும் இஞ்ச் சாக்கெட்டையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். 19 மி.மீ.யும் 3/4 இஞ்சும் (19.05) மாறினால் பெரிய கேடு இல்லை. 1/2 இஞ்ச் (12.7) போல்ட்டில் 13 மி.மீ. சாக்கெட்டையோ, 14 மி.மீ. போல்ட்டில் 9/16 இஞ்ச் (14.29) சாக்கெட்டையோ ஏற்றி அழுத்தினால் போல்ட்டின் முனை மழுங்கும். தனி ரெயில், தனி நிறம், முடிந்தால் தனி டிராயர்.

பொறித்த எண் படிக்கக் கடினமாக இருந்தால், அந்த இடத்தைத் தின்னரால் துடைத்து, வெள்ளை எனாமல் பெயின்டைப் பொறிப்புக்குள் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டு, அட்டைத்துண்டால் மேற்பரப்பை வழியுங்கள். துணியால் துடைத்தால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும்.

காற்றிலோ மின்சாரத்திலோ இயங்கும் இம்பாக்ட் ரெஞ்சில் மாட்டும் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டுகளுக்குக் குரோம் பூச்சு இல்லை. ஈரக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அவைதான். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு வையுங்கள், டிராயரில் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள்.

உங்களுக்கு எது?

இருப்பது ஒரே செட், 30 சாக்கெட்டுக்குள், பாதி வேலை வீட்டுக்கு வெளியே என்றால் பெட்டியிலேயே இருக்கட்டும். ஒன்றிரண்டு தனிச் சாக்கெட்டுக்கு ஒரு சின்ன ரெயில் சேருங்கள்.

கையில் தூக்கும் டூல் பாக்ஸ், டிராயர் கிடையாது என்றால் திருப்பிப் பூட்டும் ரெயில். முளைத் தட்டு அதில் ஒரு நாள்கூடத் தாங்காது.

டிராயர் வைத்த அலமாரி, வேலை எல்லாம் ஒரே இடத்தில் என்றால் முளைத் தட்டு அல்லது நீங்களே செய்த பலகை. சாதா சாக்கெட்டுகளை இடுப்பு உயர டிராயரில் நிறுத்துங்கள். டீப் சாக்கெட்டுகளை ஆழமான டிராயரில் நிறுத்தவோ, ஆழமில்லாததில் ரெயிலோடு படுக்கவைக்கவோ செய்யுங்கள். அரை இஞ்ச் இம்பாக்ட் செட் கனமானது, கீழ் டிராயருக்குப் போகட்டும். கனமான இரண்டு மேல் டிராயர்களை ஒரே நேரத்தில் இழுத்தால் அலமாரியே முன்னால் கவிழும்.

சேகரிப்பு முழுமையாகிவிட்டது, இனி எதுவும் வாங்கப் போவதில்லை, ஒரே பட்டறையில் இரண்டு மூன்று பேர் புழங்குகிறார்கள் என்றால் ஃபோம் வெட்டும் உழைப்பு வீண்போகாது. யார் எடுத்தாலும் குழி காட்டிக்கொடுக்கும்.

வெவ்வேறு செட்டிலிருந்து சேர்ந்த கலவைச் சாக்கெட்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தால் எதையும் வாங்குவதற்கு முன் தரையில் ஒரு துணி விரித்து டிரைவ் வாரியாகவும் அளவு வாரியாகவும் அடுக்குங்கள். ஒரே அளவில் இரண்டு மூன்று வரும். நல்லதை மட்டும் தட்டில் வைத்து, மீதியைப் பெயர் எழுதிய தனி டப்பாவில் போடுங்கள். வாய் விரிந்ததும் விரிசல் விட்டதும் பழைய இரும்புக்குப் போகட்டும், டப்பாவுக்கு வேண்டாம். உபரி 10, 12, 13, 14 மி.மீ. சாக்கெட்டுகளை மட்டும் டப்பாவின் அடியில் புதைக்காமல் மேலாக ஒரு சின்னப் பையில் வையுங்கள். அடிக்கடி தேடப் போவது அவற்றைத்தான்.